ஒரு குழந்தையின் இதயம் எத்தனை கிராம்?

பச்சிளங் குழந்தையொன்றின் பிரேத பரிசோதனை அறிக்கையை வாசித்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். நீதிமன்றச் செய்திகளை எழுதும் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் எனக்கு அது வாய்த்தது. வாய்ப்பு என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை. அத்தகைய அறிக்கையின் நடுப்பகுதியில் ஒரு பட்டியல் இருக்கும். மூளை, இதயம், வலது நுரையீரல், இடது நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகங்கள், தைமஸ் சுரப்பி என்று உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் கிராமில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைக் கடந்து, இறுதியிலுள்ள 'மரணத்துக்கான காரணம்' என்ற வரிக்குச் சென்றுவிடுவார்கள். செய்தியாளர்கள் மட்டுமல்லர், சட்டத்தரணிகளிற் பலரும் அப்படித்தான்.

ஆனால் அந்த வரி எவ்வாறு எழுதப்பட்டது என்பதற்கான விடையில் ஒரு பகுதி நடுப்பக்கத்து எண்களிலேயே இருக்கிறது. இன்று அந்த எண்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

பிறந்து மூன்று நாளாகாத சிசுவின் இதயம் ஏறத்தாழ பதினேழு கிராம் என்று மருத்துவ உலகில் நெடுங்காலம் பயன்பட்ட அட்டவணையொன்று கூறுகிறது. மண்ணீரல் எட்டுக் கிராம். மூளை மட்டும் 335 கிராம். ஒரு தேசிக்காயின் எடைகூட இல்லாத இதயம் அது. வளர்ந்த மனிதரின் உறுப்பை நிறுக்கும்போது ஐந்து கிராம் பிழைத்தாற் பெரிய நட்டமில்லை. எட்டுக் கிராம் மண்ணீரலில் ஐந்து கிராம் பிழைத்தால் எஞ்சியிருப்பது கற்பனைதான். எனவே சிசுக்களுக்கு நுண்ணிய தராசு வேண்டும் என்பது முதலாவது விடயம். அதைவிட முக்கியமானது இரண்டாவது விடயம். தராசு காட்டும் எண் தனியே நின்று எதையும் சொல்வதில்லை. இருபது கிராம் இதயம் பெரிதா சிறிதா என்று சொல்வதற்கு, அதே வயதும் அதே உடல் நீளமும் கொண்ட வேறு குழந்தைகளின் இதயங்கள் எவ்வளவு இருந்தன என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே ஒப்பீட்டு அட்டவணைகள் இருக்கின்றன. அந்த வேறு குழந்தைகள் யார் என்ற கேள்வியிலேதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

1990களின் பிற்பகுதியில் நான் அருகிருந்து கண்ட ஒரு விவகாரம் இதனை எனக்கு விளங்க வைத்தது. கண்டிக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு மாதக் குழந்தையொன்று விடியற்காலையில் லயக் காம்பராவில் இறந்து கிடந்தது. தாய்க்கு இருபது வயதிருக்கும். தகப்பன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். குழந்தை மிகவும் சிறிதாக இருந்தது. பாலூட்டாமல் கொன்றுவிட்டாள் என்று அயலில் யாரோ சொல்ல, அது பொலிஸ் நிலையம்வரை போய்விட்டது. மறுநாள் பத்திரிகையொன்று அவளைத் தலைப்பிலேயே குற்றவாளியாக்கி, முடிவில் ஒரு கேள்விக்குறியை மட்டும் சேர்த்திருந்தது. அந்தக் கேள்விக்குறியை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்?

நமது நாட்டில் இவ்வாறான திடீர் மரணங்கள் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் விசாரிக்கப்படுகின்றன. மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ கட்டளையிட்டால் சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை நடத்துவார். குடும்பத்தாரின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. அவர்கள் பிரேத அறைக்கு வெளியே காத்திருப்பார்கள். அன்று அந்தப் பெண்ணின் தகப்பனார் என்னிடம் வந்து பேசினார். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்பவர் அவர்.

"ஐயா, டொக்டர் ஐயா புள்ளைய நிறுத்துப் பாப்பாங்களா?"

"பார்ப்பார்கள் பெரியவர்."

"நிறுத்தா கொறச்சலாத்தாங்க இருக்கும். பொறக்கும்போதே கொறச்சல்தான். அத யாராச்சும் அவருகிட்ட சொல்லணும்ல?"

பாடசாலைப் படிப்பை இடையில் விட்ட அந்த மனிதர், சட்ட மருத்துவம் நூறாண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிரச்சினையை மூன்று வசனங்களில் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. சொல்ல வேண்டியவரிடம் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. டொக்டர் கிளினிக் கார்டைக் கேட்டு வாங்கினார். பிறந்தபோது குழந்தையின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுமேல் என்று அதில் மருத்துவமாது எழுதியிருந்தார். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது குறைந்த பிறப்பு எடை. ஆகவே இரண்டு மாதக் குழந்தைக்குரிய வரியோடு மட்டும் இந்தக் குழந்தையை ஒப்பிட்டால் எல்லா உறுப்புகளும் குறைவாகவே தெரியும். அவர் உடல் நீளத்தைக் கொண்டு ஒப்பிட்டார். உறுப்புகளை ஒன்றோடொன்றும் ஒப்பிட்டார். தோலின் கீழ்க் கொழுப்பு இருந்தது. இரைப்பையில் பால் இருந்தது. நீண்ட பட்டினியில் சுருங்கிப்போகும் தைமஸ் சுரப்பி இங்கே சுருங்கியிருக்கவில்லை. நுரையீரல்கள் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தன. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது நியுமோனியா என்று தெரிந்தது. அந்தப் பெண் மீது வழக்கேதும் வரவில்லை. பத்திரிகையின் தலைப்பைத் திருத்த யாரும் முன்வரவுமில்லை.

சில மாதங்களின் பின் அந்த டொக்டரை வேறொரு வழக்கில் சந்தித்தபோது, எந்த அட்டவணையோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "பொஸ்டன் பிள்ளைகளின் அட்டவணை" என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்கவில்லை.

அவர் குறிப்பிட்டது 1933இல் கொப்பொலெட்டா, வோல்பாக் ஆகிய இருவரும் அமெரிக்க நோயியல் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட அட்டவணையை. பிறப்பு முதல் பன்னிரண்டு வயதுவரையான குழந்தைகளின் உடல் நீளத்தையும் முக்கிய உறுப்புகளின் எடையையும் அது தருகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம் அது. குழந்தைகள் நியுமோனியாவாலும் தொண்டைக்கரப்பானாலும் வயிற்றோட்டத்தாலும் இறந்த காலம். அந்தக் காலத்துப் பொஸ்டன் நகரத்துப் பிள்ளைகளின் எண்கள் பாடநூலிலிருந்து பாடநூலுக்குப் பிரதிசெய்யப்பட்டு, பல தசாப்தங்கள் கழித்துக் கண்டியின் பிரேத அறையிலும் அளவுகோலாக நின்றன. அந்த இருவரையும் குறைசொல்வதற்கில்லை. அவர்கள் செய்தது பெரும்பணி. அதைத் தமது நாட்டில் திரும்பச் செய்யாமல் விட்டவர்களைப் பற்றியே பேச வேண்டும்.

அட்டவணை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு கொடிய உதாரணம் உண்டு. மேலே சொன்ன தைமஸ் சுரப்பியின் கதைதான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறுத்துப் பார்க்கக் கிடைத்த சடலங்களிற் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. நெடுநாள் நோயிலும் பசியிலும் கிடந்து இறந்த குழந்தைகளின் தைமஸ் சுரப்பி சுருங்கியிருக்கும். சுருங்கிய அந்த அளவையே மருத்துவர்கள் இயல்பான அளவென்று எழுதிவைத்தார்கள். பின்னர், நல்ல போஷாக்குடன் இருந்து உறக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளை அறுத்தபோது தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. உண்மையில் அதுவே இயல்பான அளவு. ஆனால் அட்டவணையை நம்பியவர்கள், சுரப்பி வீங்கியதாலேயே குழந்தை இறந்தது என்று முடிவுகட்டினார்கள். 1889இல் வியன்னாவைச் சேர்ந்த பல்டாவ்ப் என்ற மருத்துவர் அதற்கொரு நோய்ப்பெயரும் சூட்டினார். இல்லாத நோய்க்குச் சிகிச்சையும் வந்தது. 1907 முதல் அமெரிக்காவில், ஆரோக்கியமான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ் கதிர் பாய்ச்சி அந்தச் சுரப்பியைச் சுருக்கினார்கள். 1931இல் பிரித்தானியாவில் இதற்கென அமைந்த ஆய்வுக்குழு அப்படியொரு நோய் இருப்பதற்குச் சான்றில்லை என்று கூறியது. அதன் பின்னரும் கதிர்ச் சிகிச்சை பல ஆண்டுகள் நீடித்தது. 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய இருவரும் சிறுவரின் தைரொயிட் புற்றுநோய்க்கும் குழந்தைப் பருவத்தில் பெற்ற அந்தக் கதிர்ச் சிகிச்சைக்கும் தொடர்பிருப்பதைச் சுட்டிக்காட்டினர்.

ஏழைக் குழந்தைகளின் பசியை இயல்பென்று எழுதிவைத்ததால் விளைந்த வினை அது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பின்னர் இந்த இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

சட்டத்துறையிலும் இதுபோன்ற பழைய எண்கள் உண்டு. இரகசியமாகப் பிரசவித்த பெண்ணொருத்தியின் குழந்தை இறந்து காணப்பட்டால், அது உயிருடன் பிறந்ததா, இறந்தே பிறந்ததா என்பதுதான் முதற் கேள்வி. முன்னையது கொலைக் குற்றச்சாட்டாக மாறக்கூடும். பின்னையதில் எஞ்சுவது பிறப்பை மறைத்த குற்றமே. நுரையீரலைத் தண்ணீரில் இட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் முறை பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. 1777இல் புளூக்கே என்ற ஜேர்மனிய மருத்துவர் நிறுத்துப் பார்க்கும் முறையொன்றைச் சொன்னார். மூச்செடுக்காத குழந்தையின் நுரையீரல்கள் உடல் எடையில் எழுபதில் ஒரு பங்கு, மூச்செடுத்த பின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்பது அவரது கணக்கு. மூச்செடுத்ததும் இரத்தம் பாய்வதால் எடை கூடும் என்பது அதன் அடிப்படை. ஆனால் குழந்தைக்குக் குழந்தை இந்த எண் பெரிதும் வேறுபடுகிறது. நோய்த்தொற்று இருந்தாலும் கூடும், உடல் அழுகத் தொடங்கினால் மாறும். மிதக்கும் சோதனையை மட்டும் நம்பிப் பெண்களைத் தூக்குமேடைக்கு அனுப்பலாகாது என்று வில்லியம் ஹன்டர் 1783லேயே இலண்டனில் எச்சரித்தார். என்றாலும் எழுபதில் ஒரு பங்கும் முப்பத்தைந்தில் ஒரு பங்கும் எமது பிராந்தியத்தின் சட்ட மருத்துவப் பாடநூல்களில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இடம்பிடித்திருந்தன.

இனிக் கண்டி மலைகளுக்கு வருவோம். 1935இல், பெரும் மலேரியாக் கொள்ளைநோயின் ஆண்டில், இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதுக்குள் இறந்தனர். இன்று அந்த எண் பத்துக்கும் குறைவு. உலகம் மெச்சும் சாதனை இது. ஆயினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 வீதம். தோட்டத்துறையில் மட்டும் 32 வீதம். லயத்திலே பிறக்கும் பிள்ளையும் கண்டி நகரத்தில் வாவிக்கரைக்கு அண்மையிற் பிறக்கும் பிள்ளையும் ஒரே பிரேத அறைக்குத்தான் வருகின்றன. பொஸ்டன் அட்டவணை இருவருக்கும் பொருந்தாமற் போகலாம். லயத்துப் பிள்ளைக்குப் பொருந்தாமற் போகும்போது சந்தேகம் தாயின் மேல் விழுகிறது.

அப்படியானால் நமது குழந்தைகளைக் கொண்டு நமக்கென ஓர் அட்டவணை செய்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தைமஸின் கதையை அறிந்தபின் அந்த எண்ணத்தை அவ்வளவு இலகுவாகச் சொல்ல முடியவில்லை. பசியோடு வளர்ந்த பிள்ளைகளின் உறுப்புகளைச் சராசரியாக்கி இதுவே மலையகக் குழந்தையின் இயல்பு என்று அச்சிட்டுவிட்டால், பசி அட்டவணைக்குள் மறைந்துபோகும். உண்மையில் பராமரிப்பின்றி வாடி இறந்த குழந்தையும் இயல்பான எடை என்று பதிவாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வின் அடிப்படையில் 2006இல் குழந்தை வளர்ச்சி நியமங்களை வெளியிட்டது. தாய்ப்பாலும் போதிய உணவும் சுகாதாரமும் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே விதமாகவே வளர்கிறது என்பது அதன் முடிவு. அதாவது தோட்டத்துக் குழந்தை சிறிதாக இருப்பது அதன் இனத்தின் இயல்பல்ல, அதன் தாய்க்கு நேர்ந்த குறை.

எனவே நமக்கு வேண்டியது இரண்டு கேள்விகளையும் பிரித்துக் காட்டும் அட்டவணை. இந்தக் குழந்தை எப்படி வளர்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. இப்படிப் பிறந்த ஒரு குழந்தையிடம் நாம் எதிர்பார்க்கக்கூடிய எடை எது என்பது மற்றொன்று. முதற் கேள்வி சமூகத்தை நோக்கியது. இரண்டாவது கேள்விதான் நீதிமன்றத்துக்குரியது. அதற்கு உறுப்பின் எடையோடு பிறப்பு எடை, எத்தனை வாரத்திற் பிறந்தது, உடல் நீளம், இறப்பின் காரணம் ஆகியனவும் பதிவாக வேண்டும். சராசரியை மட்டும் தந்தாற் போதாது. எந்த எல்லைவரை வேறுபடலாம் என்பதையும் தர வேண்டும். ஒரே குழந்தையின் உறுப்புகளைத் தமக்குள் ஒப்பிடுவதும் உதவும். சிசுவின் மூளை கல்லீரலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை கொண்டது. கருப்பையில் போஷாக்குக் குறைந்தால் உடல் மூளையைக் காப்பாற்றிக்கொண்டு கல்லீரலைக் கைவிடும். அந்த விகிதம் உயர்ந்திருந்தால் குறை பிறப்பதற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று ஊகிக்கலாம்.

இதிலே ஒரு கடினமும் உண்டு. ஆரோக்கியமான குழந்தைகள் இறப்பதில்லை. விபத்தில் இறக்கும் சிசுக்கள் மிகச் சிலரே. ஆகவே இயல்பான உறுப்பின் எடையை அறிய, காரணம் தெரியாமல் திடீரென இறந்த குழந்தைகளையே பெரும்பாலும் நாட வேண்டியிருக்கிறது. இந்தத் தடையிருந்தும் மற்றவர்கள் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் தொம்சனும் கோலும் பதினைந்து ஆண்டுகாலப் பரிசோதனைகளைத் தொகுத்து 2004இல் திருத்திய அட்டவணைகளை வெளியிட்டனர். இலண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் மருத்துவமனையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிசுப் பரிசோதனைகளிலிருந்து பெற்ற எண்கள் 2014இல் வெளியாயின. அவர்கள் புதிதாக எதையும் அறுக்கவில்லை. ஏற்கெனவே நிறுத்து எழுதப்பட்டிருந்தவற்றை ஒழுங்காகத் தொகுத்தார்கள்.

பெற்றோருக்கு இதிலே அச்சம் எழுவது இயற்கை. லிவர்பூலில் ஆல்டர் ஹே மருத்துவமனையில் பெற்றோர் அறியாமல் குழந்தைகளின் உறுப்புகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தமை பற்றிய விசாரணை அறிக்கை 2001இல் வெளிவந்து பிரித்தானியாவையே உலுக்கியது. அக்குறணையில் விரைந்து அடக்கம் செய்யக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் தோட்டத்து இடுகாட்டில் குழி வெட்டிவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் பிரேத அறையில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் பாரம். நிறுத்து எழுதுவது வேறு, எடுத்து வைப்பது வேறு என்பதை யாராவது அவர்களுடைய மொழியில் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கண்டி வைத்தியசாலைகளில் தமிழில் அதைச் சொல்ல ஆளில்லாத நாட்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு குழந்தையின் பிரேத பரிசோதனைக்காக நாடே காத்திருந்த காலமும் உண்டு. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி இலங்கையில் அறிமுகமானது. சில குழந்தைகள் இறந்ததாக முறையிடப்பட்டதையடுத்து ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்த பின் 2010இல் மீண்டும் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தாய்மாரின் மனத்திலிருந்த பயத்தைக் கிளினிக்குகளில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடுப்பூசிக்குப் பின் இறந்ததா, தடுப்பூசியால் இறந்ததா என்ற கேள்விக்கு விடை தேடுவோர், குழந்தைக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்ததா என்றும் பார்க்கத்தான் வேண்டும். அதற்குரிய வழிகளில் ஒன்று இதயத்தை நிறுத்துப் பார்ப்பது. அளவுகோல் பிழைத்தால் அந்த விடையும் பிழைக்கும்.

பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது. நான் கலைப்பீடத்தில் படித்த அதே வளாகம். போதனா வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும் அருகிலேயே உள்ளன. கண்டியில் தேசிய வைத்தியசாலை உள்ளது. இவற்றில் அறிக்கைகளும் கிளினிக் கார்டுகளும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். பெரும் பணமோ இயந்திரங்களோ வேண்டியதில்லை. நுண்ணிய தராசு, ஒரே முறையில் எழுதும் பழக்கம், பத்துப் பதினைந்து ஆண்டுப் பொறுமை, இவை போதும்.

நமது தொழிலைச் சேர்ந்த இளையவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். மெலிந்த குழந்தை இறந்தது என்ற தகவல் கையில் கிடைத்தால், தலைப்பு எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிறந்தபோது எடை எவ்வளவு? எத்தனை மாதத்திற் பிறந்தது? எந்த அட்டவணையோடு ஒப்பிட்டார்கள்? விடை கிடைக்க இரண்டு நாள் ஆகலாம். அந்த இரண்டு நாளும் செய்தி காத்திருக்கட்டும்.